கல் கொட்டுவதற்கு முன்

கடற்கரைப் பாதுகாப்பு வேலையில் இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. புதிதாகச் சுவரோ, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் தூண்டில் வளைவோ கட்டுவது ஒரு வகை. அதற்கு அலை ஆய்வு, மணல் நகர்வுக் கணக்கு, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி என்று வருடக்கணக்கில் காகிதம் சேரும். துறைமுகம், அலைத்தடுப்பு போன்ற பெரிய திட்டம் என்றால் மக்களைக் கூட்டிக் கருத்தும் கேட்பார்கள். ஏற்கெனவே இருக்கும் சுவர் சரிந்துவிட்டால் அதைத் திரும்ப நிறுத்துவது இன்னொரு வகை. அதற்கு ஒரு மதிப்பீடு, ஒரு டெண்டர், வரிசையாக டிப்பர் லாரிகள்; அவ்வளவுதான். இந்த இரண்டாவது கோப்பு ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தொழிலில் யாரும் கேட்பதில்லை. வீட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்தால் ஊரைக் கூட்டியா கேட்கிறோம் என்பது எங்கள் ஆட்களின் மனக்கணக்கு. அந்தக் கணக்கு கடலோரத்தில் செல்லாது என்பதுதான் இந்தக் கோப்புகளைத் தயாரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது. கடலை ஒட்டிய தொழிற்சாலை வளாகத்தின் தடுப்பைப் பழுதுபார்ப்பது, பெரும்பாலும் புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குச் சமமான முடிவு. ஆகவே அதற்கும் அக்கம்பக்கத்து மக்களிடம் கேட்டாக வேண்டும். வரைபடம் முடிவாகி, ஒப்பந்ததாரர் வந்து, கல் குவாரியிலிருந்து கிளம்பிய பிறகு கேட்பது கணக்கில் சேராது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போகும் கரையை வைத்து இதைப் பேசினால் தெளிவாக இருக்கும்.

அந்தக் கரையின் இன்றைய நிலை சென்னைத் துறைமுகத்திலிருந்து தொடங்குகிறது. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் அது திரும்பி வரும். வருடக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்களை நீட்டியபோது இந்த ஓட்டம் மறிக்கப்பட்டது. தெற்கே தேங்கிய மணல்தான் மெரினாவை இன்றைய அகலத்துக்குக் கொண்டுவந்தது. வடக்கே போக வேண்டியது போகாததால் ராயபுரம் கரை உள்வாங்கத் தொடங்கி, நூறாண்டுக்குள் சில நூறு மீட்டர் நிலம் கடலுக்குள் போனது. மெரினாவில் காற்று வாங்கி சுண்டல் சாப்பிடுகிறவர்கள் காலடியில் இருப்பது வடசென்னைக்குப் போய்ச் சேராத மணல். அரிப்பைத் தடுக்க ராயபுரத்தில் கல் கொட்டினார்கள். அரிப்பு அதற்கு அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. அங்கும் கொட்டினார்கள். இப்படியே கல் வடக்கு நோக்கி ஊர்ந்துபோய்த் திருவொற்றியூர், எர்ணாவூர் என்று எட்டியது; 2004ஐ ஒட்டி எண்ணூர் விரைவுச்சாலையைக் காப்பாற்றத் தூண்டில் வளைவுகளும் வந்தன. இதே காலத்துக்குள் கரைக்குப் பின்னால் உர ஆலை, அனல் மின்நிலையங்கள், எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் வரிசைகட்டி நின்றுவிட்டன. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் செயல்படத் தொடங்கியது. இடையிடையே சின்னகுப்பம், பெரியகுப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று மீனவக் குப்பங்கள். ஒரு வளாகத்தின் மதிலுக்கும் அடுத்த வளாகத்தின் மதிலுக்கும் நடுவில் படகு ஏற்றும் மணல் திட்டு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இப்படிப்பட்ட கரையில் ஒருவர் தன் வேலிக்கு முன்னால் செய்யும் எந்த வேலையும் அடுத்தவர் வாசலைத் தொடாமல் போகாது.

இனி சுவருக்கே வருகிறேன். கல் தடுப்பு என்பது பார்வைக்குக் கற்குவியல்தான்; உள்ளே மூன்று அடுக்குகள் இருக்கும். மண் வெளியே கசியாமல் பிடித்துக்கொள்ளும் வடிதுணி, அதன்மேல் சிறு கல், அதன்மேல் அலையின் அடியை நேராக வாங்கும் பெருங்கல். இதன் கீழ்முனையைத்தான் அடிக்கால் என்கிறோம். சுவரின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. கடலை நோக்கிச் சரிந்த முகத்தில் மேல்வரிசைக் கற்கள் நழுவிக் கிடந்தால், மேலே ஏதோ கோளாறு என்று வெளியாள் நினைப்பார். அநேகமாக நடந்திருப்பது வேறு. அடிக்காலுக்கு முன்னால் இருந்த மணலை அலை அள்ளிக்கொண்டு போயிருக்கும். கீழ்க்கல் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருக்கும். அது இறங்கிய இடத்தை நிரப்ப மேல்கல் வரிசையாக வழுக்கி வந்திருக்கும். வடிதுணி கிழிந்து வெளியே தொங்கினால் பின்னாலிருக்கும் மண்ணும் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மேலே நடைபாதையில் நீளவாட்டில் ஒரு வெடிப்பு ஓடும். சுவர் சரிந்தது என்று நாம் எழுதுவதற்கு முன்பே கடற்படுகை இறங்கிவிட்டது. கல்லைத் தூக்கி அதே இடத்தில் வைத்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம் இங்கேதான் அடிபடுகிறது.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கரையோரத்தில் அலையின் உயரத்தை நீரின் ஆழம் கட்டுப்படுத்துகிறது; ஆழத்தில் சுமார் 0.78 பங்கு உயரத்தை எட்டியதும் அலை உடைந்துவிடும் என்பது தோராய விதி. சுவருக்கு முன்னால் இரண்டு மீட்டர் நீர் இருந்தால் அங்கே வந்து அடிக்கக்கூடிய அலை ஏறக்குறைய 1.56 மீட்டர். மணல் ஒரு மீட்டர் இறங்கி நீர் மூன்று மீட்டரானால் அலை 2.34 மீட்டர், அதாவது ஒன்றரை மடங்கு. அலையைத் தாங்கத் தேவையான கல்லின் எடையைக் கணிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஹட்சன் சூத்திரத்தில் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஒன்றரையின் மும்மடி 3.4க்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் பழைய வரைபடத்தில் 600 கிலோ கல் போதும் என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது இரண்டு டன் கல் வேண்டும். இரண்டு டன் கல்லை இரண்டு வரிசை அடுக்கினால் மேலடுக்கின் கனம் 1.2 மீட்டரிலிருந்து 1.8 மீட்டருக்குப் போகும். ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவில் படுகை ஒரு மீட்டர் இறங்கினால் அடிக்கால் இரண்டு மீட்டர் கடலுக்குள் தள்ளிப்போகும். அரிப்பைத் தாங்க அதற்கு முன்னால் இன்னும் சில மீட்டர் அகலத்துக்குக் கல் பரப்ப வேண்டும். உயரமான அலை சுவரைத் தாண்டி உள்ளே விழும் என்பதால் மேல்மட்டத்தையும் ஏற்ற வேண்டும். எடை, கனம், அகலம், உயரம் நான்கும் மாறிவிட்ட பிறகு அது பழைய சுவர் இல்லை. மாற்றாமல் பழைய அளவிலேயே கட்டினாலோ, அடுத்த பருவத்தில் அதே கோப்பை மறுபடி திறக்க வேண்டியிருக்கும். இந்தக் கரையில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக, பழுதுபார்ப்பை நேர்மையாகச் செய்தால் அது புதிய வடிவமைப்பாகிவிடுகிறது. பழையபடியே செய்தால் நிற்பதில்லை. கேட்க வேண்டியதில்லை என்ற வாதத்துக்கு இரண்டு பக்கமும் இடமில்லை.

அந்த நான்கு மாற்றங்களும் வேலிக்கு வெளியில்தான் விழுகின்றன. அடிக்கால் நான்கு மீட்டர் முன்னேறினால் அந்த நான்கு மீட்டர் யாரோ நடந்துபோன மணல், வலை உலர்த்திய மணல். சுவர் முடியும் இடத்தில் அலை திரும்பி உள்ளே கடிக்கும். சுவர் கனமாகவும் நீளமாகவும் ஆக, அந்தக் கடியும் ஆழமாகும். கடிபடுவது அநேகமாக அடுத்த வளாகம் இல்லை, அடுத்த குப்பம். மூன்றாவது விஷயம் வரைபடத்தில் வருவதே இல்லை: பழைய சுவரிலிருந்து உருண்டுபோன கல். அது கடலுக்குள் முப்பது நாற்பது மீட்டர் தள்ளி மணலில் பாதி புதைந்து கிடக்கும். எதிரொலிக் கருவியைப் படகில் கட்டி நாங்கள் எடுக்கும் ஆழ அளவு இருபத்தைந்து, ஐம்பது மீட்டருக்கு ஒரு கோடு என்று போகும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் கிடக்கும் ஒரு டன் கல் அதில் விழாது. அதுவும் அலை உடையும் இடத்தில் சர்வே படகு போகவே தயங்கும். எங்கள் ஆழ வரைபடத்தில் கரையோரமாக ஒரு வெள்ளைப் பட்டை எப்போதும் இருக்கும், இரண்டு பக்கத்துப் புள்ளிகளை இணைத்து உத்தேசமாக நிரப்பியிருப்போம். சுவர் நிற்பது அந்தப் பட்டையில்தான். அங்கே எந்த இடத்தில் வலை மாட்டும், எந்த இடத்தில் ஃபைபர் படகின் அடி உரசும் என்று அன்றாடம் அங்கே படகு இறக்குகிறவருக்குத் தெரியும். எந்த வருடம் எந்தத் திட்டு கரைந்தது, கரைந்த மணல் தெண்டி ஓடும் மாதங்களில் திரும்பி வந்ததா, வன்னி ஓடும்போது வந்ததா என்பதும் தெரியும். தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்துக்குத் தெண்டி, வடக்கிலிருந்து வருவதற்கு வன்னி என்று தனித்தனிப் பெயர் வைத்து, அதைப் பார்த்து வலை போடும் ஆட்கள் அவர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை அளவெடுத்து அதைத் தரவு என்று சொல்லும் நாங்கள், அவர்கள் சொல்வதைச் செவிவழிச் செய்தி என்று ஒதுக்குவது அறிவியல் முறைக்கே பொருந்தாது. அவர்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று நான் வாதாடவில்லை. சரிபார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலாக அதை எடுத்துக்கொண்டால்கூட எங்கள் சர்வே செலவில் பாதி வீணாகாது.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994இல் வந்தது. கருத்துக்கேட்புக் கூட்டம் 1997 திருத்தத்தில் கட்டாயமாயிற்று. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 அறிவிக்கை. அதன் அட்டவணையில் துறைமுகமும் அலைத்தடுப்பும் தூர்வாருதலும் உண்டு. தனியான கடல் தடுப்புச் சுவர் இல்லை. 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் அரிப்புத் தடுப்புப் பணிகளை அனுமதிக்கக்கூடியவையாக வைத்திருக்கின்றன. அதற்கான அனுமதி மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வழியாகக் காகிதத்தில் நடந்துமுடியும், பந்தல் போட்டு மக்களைக் கேட்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் சுவரின் பராமரிப்பு என்று எழுதிவிட்டால் அந்தக் காகிதமும் மெலியும். யாரும் சட்டத்தை மீறவில்லை. சட்டத்தில் இருக்கும் இடைவெளி இது. தூர்வாருதலில்கூட, மூலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு அனுமதி வாங்கிய பராமரிப்புக்குத்தான் விலக்கு. சுவருக்கு அந்த அளவு நிபந்தனையும் கிடையாது. பல சுவர்கள் எந்தத் திட்டத்தின் பகுதியாகவும் கட்டப்படாமல், ஒரு புயலுக்குப் பிறகு அவசரமாகக் கொட்டிய கல் காலப்போக்கில் சுவர் என்ற பெயர் பெற்றவை. முதலில் கொட்டும்போதும் கேட்கவில்லை, திருத்தும்போதும் கேட்கவில்லை என்றால் கேட்பதற்கான தருணம் அந்தச் சுவரின் ஆயுளில் எங்குமே வராது.

பராமரிப்பு என்ற பெயரில் என்னவெல்லாம் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு 2023 டிசம்பர் ஒரு சான்று. அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரக் கரையேறியது. மூன்று வாரம் கழித்து, 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் கரையோரத்தில் ஓர் உர ஆலையின், கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாயில் கசிவு ஏற்பட்டது. மக்கள் மூச்சுத்திணறி, இருட்டில் வீட்டை விட்டு ஓடி, பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, புயல் அலையில் குழாயைச் சுற்றிப் போட்டிருந்த கருங்கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று சொன்னது. குழாயைக் காப்பாற்றப் போட்ட கல்லே அதைத் தாக்கியிருக்கலாம் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களைத் தூங்கவிடக்கூடாத வாசகம். என்ன எடையில் கல், எந்த அலையைக் கணக்கில் வைத்து, புயலுக்குப் பிறகு அது எங்கே கிடக்கிறது என்ற மூன்று கேள்விகளும் பராமரிப்புக் கோப்புக்குள் அடங்குபவை. விடை தவறினால் விலை கொடுப்பது குப்பம். கரையில் குடியிருக்கிறவர்களுக்கு அங்கே குழாய் போகிறது, அதன்மேல் கல் கிடக்கிறது, புயலுக்குப் பின் யார் வந்து பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தால், பார்க்கவில்லையே என்று கேட்க ஆள் இருந்திருக்கும். கருத்துக்கேட்பால் அந்தக் கசிவு நின்றிருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பொறுப்பானவர் யார் என்பது ஊரறிய எழுதப்பட்டிருக்கும் என்பது மட்டும் உறுதி.

இதற்கு வரும் மறுப்புகளில் மிகப் பலமானது அவசரம். கடல் காத்திருக்காது, சரிந்த சுவருக்குப் பின்னால் எரிபொருள் தொட்டியோ மின்கம்பியோ இருந்தால் கருத்துக்கேட்புக்கு முப்பது நாள் அறிவிப்பு கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். உண்மைதான், மறுக்க முடியாது. புயல் அடித்த மறுநாள் மணல் மூட்டை அடுக்குவதற்கும் கல் கொட்டுவதற்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேள்வி அதற்கு அடுத்த மாதத்தைப் பற்றியது. அவசரத்துக்குக் கொட்டியதை எப்போது எடுப்பது அல்லது முறைப்படுத்துவது என்று ஒரு தேதி எழுதப்பட வேண்டும். அந்தத் தேதிக்குள் கருத்துக்கேட்பு நடக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் தற்காலிகக் கல்லைப் போல நிரந்தரமானது வேறொன்றும் இல்லை. தவிரவும் இந்தக் கரையின் சேதம் திடீரென்று வருவதும் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் முரண்டு பிடிக்கும் என்பது நாட்காட்டியிலேயே இருக்கிறது. ஜனவரி முடிந்ததும் அளவெடுத்து, பிப்ரவரி மார்ச்சில் என்ன மாறியிருக்கிறது என்று வரைந்து, ஏப்ரலில் மக்களிடம் வைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் வேலையை முடிக்க ஐந்து மாதம் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் நேரம். சிறு படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள் என்பதால் கூட்டத்தைக் காலையில் வைக்கக்கூடாது. காலை பதினொரு மணிக் கூட்டம் ஆட்சியர் அலுவலக வசதிக்கு ஏற்றது. மீன் ஏலம் முடிந்து பெண்கள் திரும்பி வருவதற்கு அது ஏற்ற நேரமில்லை. இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சின்ன விஷயம்தான். 2006 அறிவிக்கையில் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் கிடையாது.

இது நிபுணர் வேலை, பொதுமக்களுக்கு என்ன புரியும் என்பது அடுத்த மறுப்பு. நாம் கொடுக்கும் ஆவணத்தைப் பார்த்தால் அவர்களுக்குப் புரியாதது நியாயமே. ஆங்கிலத்தில் முன்னூறு பக்கம் ஓடும் அறிக்கைக்குத் தமிழில் ஒரு சுருக்கம் இணைக்கப்படும். ஆங்கில வாக்கியத்தைப் பெயர்த்து வைத்த அந்தத் தமிழைத் தமிழாசிரியராலும் புரிந்துகொள்ள முடியாது. வரைபடத்தில் கடல் மட்டம் துறைமுக அளவுகோலில் இருக்கும், இடங்கள் ஆயத்தொலைவு எண்ணில் இருக்கும். அதே வரைபடத்தில் கோயிலையும் ஏலக்கூடத்தையும் படகு ஏற்றும் இடத்தையும் கருவாடு காயும் திட்டையும் குறித்து, இப்போதைய கரைக்கோட்டையும் புதிய அடிக்கால் வரும் கோட்டையும் இரண்டு வண்ணத்தில் போட்டால், ஐந்து நிமிடத்தில் கேள்விகள் கிளம்பும். அந்தக் கேள்விகளில் பாதிக்கு நம்மிடம் பதில் இருக்காது. அடிக்கால் வரப்போகும் கோட்டில் நான்கு மூங்கிலை நட்டுவிட்டால் வரைபடமே வேண்டாம். புரியாது என்று சொல்வதில் எங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்: கேள்வி வராது.

கூட்டம் போட்டால் கூச்சல்தான் மிஞ்சும், சுவரைப் பற்றிப் பேசாமல் வேலைவாய்ப்பு, இழப்பீடு, சாம்பல், கொசஸ்தலை ஆற்று மீன் என்று போய்விடும் என்பதையும் அடிக்கடி கேட்கிறோம். போகும்தான். ஆட்சியர் மேடையில் உட்கார்ந்திருக்க, காமிரா ஓட, ஆளுக்குச் சில நிமிடம் ஒலிவாங்கி கிடைக்கும் ஒரே ஒரு நாளில், பல வருட மனக்குறையில் எதைச் சொல்லாமல் விடுவார்கள்? வருடத்துக்கு ஒரு தடவைகூட வாய் திறக்க வாய்ப்பில்லாத இடத்தில் கிடைத்த வாய்ப்பில் எல்லாமும் கொட்டப்படும். அந்தக் கூட்டத்துக்கான முப்பது நாள் அறிவிப்பையும் இருபதாகக் குறைக்க, 2006 அறிவிக்கைக்குப் பதிலாக வந்த 2020 வரைவு முயன்றது. எதிர்ப்பு எழுந்து அது இறுதியாகவில்லை. கூச்சலுக்கு மருந்து கூட்டத்தைக் குறைப்பதில் இல்லை, சிறிதாக்கி அடிக்கடி நடத்துவதில் இருக்கிறது. அதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. 2011 அறிவிக்கையே மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கடலோரக் குழு வேண்டும் என்றும், அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு பழுதுபார்ப்பு வடிவமைப்பும் டெண்டருக்கு முன் அந்தக் குழுவின் மேசைக்கு வரட்டும். அங்கிருந்து சம்பந்தப்பட்ட குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகட்டும். வந்த கேள்விகளும், ஏற்கப்பட்டவை எவை, ஏற்காதவை எவை, ஏன் என்பதும் எழுத்தில் ஒட்டப்படட்டும். தொழிற்சாலைப் பாதுகாப்பு ரகசியம் என்றொரு தடையும் சொல்வார்கள். அடிக்காலின் அகலமும் கல்லின் எடையும் கடற்கரையில் எல்லார் கண்ணிலும் படப்போகிறவை, அதில் ரகசியம் ஏதுமில்லை.

யாரைக் கேட்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. புதுச்சேரியைப் பாருங்கள். 1989இல் அங்கே துறைமுகச் சுவர்கள் வந்த பிறகு வடக்கே இருந்த நகரக் கடற்கரை மறைந்தது. சாலையைக் காக்கக் கல் அடுக்கினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து மாநில எல்லையைத் தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக் குப்பங்களை வந்தடைந்தது. ஒரு மாநிலத்தில் எடுத்த முடிவின் விளைவு இன்னொரு மாநிலத்தில். கருத்துக்கேட்பு விதியோ திட்ட இடத்தைச் சுற்றியே கூட்டம் நடத்தச் சொல்கிறது. மணல் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் கேட்க வேண்டிய எல்லையும் நீள வேண்டும். எண்ணூரில் அது வடக்கே, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தையும் தாண்டி. அதே புதுச்சேரியில் இன்னொரு பாடமும் உண்டு. 2018, 2019 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கரையிலிருந்து சற்றுத் தள்ளி நீருக்குள் மூழ்கிய முக்கோண இரும்பு அமைப்பை வைத்தது. தலைமைச் செயலகத்துக்கு முன்னால் பல பத்தாண்டுகளாக இல்லாத மணல் திரும்பியது. அது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கற்சுவருக்கு மாற்றாக வேறு வழிகளும் இருக்கின்றன, துறைமுக வாயிலில் தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டுவதும் அவற்றில் ஒன்று. பழுதுபார்ப்பு என்று கோப்பைத் திறந்த நிமிடமே இந்த வழிகள் மேசையிலிருந்து விலகிவிடுகின்றன; ஏனென்றால் பழுதுபார்க்க வேண்டியது கற்சுவர், அதற்கு விடையும் கற்சுவர்தான். வடிவமைப்புக்கு முன்பே கேட்க வேண்டும் என்று நான் அழுத்துவதற்குக் காரணம் இது. முடிந்த வரைபடத்தைக் காட்டினால் மக்கள் சரி என்றோ வேண்டாம் என்றோதான் சொல்ல முடியும். 1990 முதல் 2018 வரையிலான தேசியக் கடலோர ஆய்வு மையத்தின் கணக்கில் தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளானது. இத்தனை கல்லுக்குப் பிறகும் இந்த எண் என்றால், வேண்டும் வேண்டாம் என்பதைத் தவிர வேறு பதில்களும் காதில் விழும்படி கேட்பதில் நஷ்டமில்லை.

செலவு என்று கடைசியாகச் சொல்வார்கள். ஒரு குப்பத்தில் பந்தல் போட்டு, வண்ண வரைபடம் அச்சிட்டு, இரண்டு முறை கூட்டம் நடத்த ஆகும் செலவு, ஒரு நாள் முழுக்க லாரிகள் வந்து இறக்கும் கல்லின் விலைக்குப் பக்கத்தில் வராது. செலவு கூடுவது வேறிடத்தில். மக்களைக் கேட்டால் டெண்டர் அட்டவணையில் புதிய வரிகள் சேரும்: உருண்டுபோன பழைய கல்லைப் பொக்லைனும் பாரந்தூக்கியும் வைத்து மீட்டெடுத்தல், படகு இறங்க இடைவெளி விடுதல், சுவர் முடியும் இடத்தில் மணல் நிரப்புதல், மூன்று வருடத்துக்கு அளவெடுத்து ஊரில் ஒட்டுதல். இப்போதைய அட்டவணைகளில் கல் வாங்குவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் அடுக்குவதற்கும் வரி உண்டு. கிழிந்த வலைக்கு வரி இல்லை. அந்தச் செலவை இப்போதும் ஒருவர் ஏற்கத்தான் செய்கிறார். அவர் நமக்கு ரசீது அனுப்புவதில்லை என்பதால் அது மதிப்பீட்டில் ஏறாமல் இருக்கிறது.